காற்றைக் கேட்டுப் பறப்போம்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற ஒரு பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



டிரோன் எனும் ஆளில்லா விமானத்தைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கின்றார்கள். அதன் பெருமைகளை நாம் இங்கு விரித்துரைக்கப் போவதில்லை. அவற்றை விற்பனையாளர்களே நன்கு சொல்லி வருகின்றார்கள். முதுகில் தெளிப்பானைச் சுமந்து சேற்றில் நடந்த ஆள் ஒரு நாள் முழுதும் செய்த வேலையை இது ஒரு மணி நேரத்திற்குள் முடித்துவிடுகின்றது என்பதை நீங்களே கண்ணால் கண்டிருக்கின்றீர்கள். நாம் பேச விரும்புவது அந்த இயந்திரம் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் நாம் செய்யவேண்டிய ஒரு சிறு வேலையைப் பற்றி. அதாவது, வானிலையைக் கேட்டறிவது. அந்தச் சிறு வேலையைச் செய்யத் தவறிய குற்றம் நமக்கும் உண்டு. ஆதலால் அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றைச் சொல்ல வேண்டும்.

2025-ஆம் ஆண்டு ஆடி மாதம். மேட்டூர் நீர் வந்து, நம் பகுதியில் குறுவை நட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. நெல்லில் அகன்ற இலைக் களைகள் மண்டியிருந்தன. அவற்றுக்கு 2,4-டி எனும் களைக்கொல்லியை டிரோன் மூலம் தெளித்துக் காட்டுவதென்று ஓர் ஊராட்சியில் ஏற்பாடாயிற்று. இயந்திரத்தை இயக்கியவர் ஒரு மகளிர் குழுவைச் சேர்ந்த சகோதரி. முறையாகப் பயிற்சி பெற்று, தொலை விமானி சான்றிதழும் பெற்றவர். காலை 6 மணிக்கு அவர் வயலில் ஆயத்தமாக நின்றார். அப்போது இலை அசையவில்லை. ஆனால் பார்வையிட வருவோர் 10 மணிக்குத்தான் வருவார்கள் என்பதால் அதுவரை பொறுத்திருக்குமாறு அவரிடம் சொல்லப்பட்டது. சொன்னவர்கள் நாமே.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். 10 மணிக்கு மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டது. அந்தச் சகோதரி, "ஐயா, காற்று ஏறுகின்றதே" என்றார். நம் கைபேசியில் ஒரு படம் சூரியனையும் ஒரு துண்டு மேகத்தையும் காட்டிற்று. மழை இல்லை என்று அதற்குப் பொருள். நாம் அதைப் பார்த்துவிட்டு, "மழை இல்லையம்மா, தொடங்குங்கள்" என்றோம். அவர் தொடங்கினார். கூடியிருந்தோர் கைதட்டினார்கள்.

அந்த வயலுக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு அப்பால், அரை ஏக்கர் பருத்தி நின்றது. மாசியில் விதைத்து, காய் பிடித்து, முதல் எடுப்பு எடுத்திருந்த பருத்தி. குத்தகைக்குப் பயிரிட்டவர் கணவரை இழந்த ஒரு தாயார். ஒரு வாரத்திற்குள் அந்தப் பருத்தியின் இளந்தளிர்கள் அகலம் குறைந்து, விரல்போல் நீண்டு, சுருண்டுவிட்டன. புதுப் பூக்கள் உதிர்ந்தன. பருத்திக்கு 2,4-டி எவ்வளவு கொடியது என்பதை வேளாண்மை அலுவலர்கள் அறிவார்கள். நெல்லுக்கு மருந்தாவது பருத்திக்கு நஞ்சாகின்றது. அதுவும் மிகச் சிறு அளவிலேயே.

வழக்கு ஊராட்சி மன்றத்துக்கு வந்தது. நெல் வயலுக்குரியவர், "நான் விமானம் ஓட்டவில்லை" என்றார். ஓட்டிய சகோதரி தலைகுனிந்து நின்றார். அந்தத் தாயாரோ நம்மைப் பார்த்து, "ஐயா, அன்றைக்கு மருந்து அடிக்கப் போகிறார்கள் என்று என்னிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால், இன்று வேண்டாம், மேல்காற்று அடிக்கிறது என்று நானே சொல்லியிருப்பேனே" என்றார். பட்டம் பெற்று, இருபது ஆண்டுகளாக அலுவல் பார்த்து வரும் நமக்கு அதற்கு விடை சொல்லத் தெரியவில்லை. மகளிர் குழு தன் கூலியை விட்டுக்கொடுத்தது. நெல்லுக்குரியவர் ஒரு தொகை கொடுத்தார். நம் பங்கையும் நாம் கொடுத்தோம். ஆனாலும் இரண்டாம் எடுப்புப் பருத்தி திரும்பி வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். டிரோன் தெளிப்பில் காற்று ஏன் இவ்வளவு கேடு செய்கின்றது? கைத்தெளிப்பானால் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீரில் மருந்தைக் கரைத்து அடிக்கின்றோம். டிரோனில் அதே மருந்தை 10 லிட்டர் அளவிலேயே கரைக்கின்றோம். அப்படியானால் ஒவ்வொரு துளியும் இருபது மடங்கு வீரியமுள்ளது. துளியோ மிக நுண்ணியது. அது பயிருக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்றது. முதுகுத் தெளிப்பானின் கனத்த துளி இருந்த இடத்திலேயே விழும். இந்த நுண்துளி காற்றோடு போகும். எங்கே போகின்றது என்பது கண்ணுக்கும் தெரியாது.

இங்கே ஒரு பேதத்தை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். இயந்திரம் தாங்கும் காற்று வேறு. மருந்து தாங்கும் காற்று வேறு. குறிப்பேட்டில் நொடிக்கு 8 மீட்டர், 10 மீட்டர் காற்றுவரை பறக்கலாம் என்று அச்சிட்டிருக்கலாம். இயந்திரம் கீழே விழாமல் பறக்கும் என்பதே அதன் பொருள். பக்கத்து வயல் பிழைக்கும் என்பது அன்று. நொடிக்கு 10 மீட்டர் என்றால் மணிக்கு 36 கிலோமீட்டர். மருந்து தெளிப்பதற்கு மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டினாலே நிறுத்திவிடுங்கள் என்பதுதான் நாம் கூறும் யோசனை.

சரி, காற்றின் வேகத்தை எங்கே கேட்டறிவது? நம் நாட்டில் வானிலைத் துறை 1875-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. விமானங்கள் இறங்குவதற்கும் ஏறுவதற்கும் உதவியாக, ஒவ்வொரு விமான நிலையத்தின் வானிலையையும் அத்துறை அரை மணிக்கொரு முறையோ ஒரு மணிக்கொரு முறையோ அளந்து வெளியிடுகின்றது. இதற்கு 'மெட்டார்' என்று பெயர். முந்நூறு பேரை ஏற்றிச் செல்லும் விமானி எந்தக் குறிப்பைப் பார்க்கின்றாரோ, அதே குறிப்பை நாமும் காசின்றிக் கைபேசியில் பார்க்கலாம். சூரியன் படமும் மேகப் படமும் காட்டும் செயலி ஊரார் குடை எடுத்துப் போகலாமா என்று சொல்வதற்கு ஆனது. பறப்பதற்கு ஆனது இதுவே.

ஆனால் இக்குறிப்பு மனிதர் பேசும் மொழியில் இராது. பழைய தந்திச் செய்தியைப் போலச் சுருக்கெழுத்தில் இருக்கும். அதைக் கண்டு மலைக்க வேண்டாம். எடுத்துக்காட்டாக நாம் ஒன்றை அமைத்துக் கொண்டுவந்திருக்கின்றோம், கரும்பலகையில் பாருங்கள்.

வி.ஓ.டி.ஆர். 180430 இசட் 27014 ஜி 24 கே.டி. 6000 எஸ்.சி.டி. 018 31/22 கியூ 1007.

முதல் நான்கு எழுத்தும் நிலையத்தின் பெயர். வி.ஓ.டி.ஆர். என்றால் திருச்சிராப்பள்ளி. மதுரைக்கு வி.ஓ.எம்.டி., கோயம்புத்தூருக்கு வி.ஓ.சி.பி., தூத்துக்குடிக்கு வி.ஓ.டி.கே. உங்கள் ஊருக்கு அண்மையில் உள்ளதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது நாளும் நேரமும். 18 என்பது தேதி. 0430 என்பது உலகப் பொது நேரம். அத்துடன் ஐந்தரை மணியைக் கூட்டினால் நம் நேரம் வரும். ஆக, காலை 10 மணி. இதைக் கூட்ட மறந்து, விடியற்காலைக் குறிப்பு என்று எண்ணிவிடுவோர் பலர். பழைய குறிப்பைப் பார்த்துப் பறப்பது நேற்றைய பஞ்சாங்கத்தைப் பார்த்து இன்று நல்ல நேரம் குறிப்பதை ஒக்கும்.

மூன்றாவதுதான் நமக்கு உயிர் போன்றது. 27014 ஜி 24 கே.டி. முதல் மூன்று இலக்கமும் திசை. காற்று எங்கிருந்து வருகின்றது என்பதை அது சொல்லும். எங்கே போகின்றது என்பதையன்று. இதில் புதியவர்களுக்குக் குழப்பம் வரும். நமக்கு வரக்கூடாது. ஏனெனில் நம் முன்னோரும் அப்படித்தான் காற்றுக்குப் பெயர் வைத்தார்கள். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வானிலைத் துறையார் 360 என்றால் வாடை, 090 என்றால் கொண்டல், 180 என்றால் தென்றல், 270 என்றால் நம் மேல்காற்று. அவ்வளவே. 270 என்று கண்டவுடன் உங்கள் கண் வயலின் கிழக்கு வரப்புக்குப் போக வேண்டும். அங்கே யாருடைய பயிர் நிற்கின்றது? கிணறு உண்டா? மீன் குட்டை உண்டா? யாராவது தேனீப் பெட்டி வைத்திருக்கின்றார்களா?

அடுத்த 14 என்பது வேகம். 'நாட்' என்னும் கடல்வழி அளவில். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். மனக்கணக்குக்கு ஒரு சுலப வழி சொல்கின்றோம். எண்ணை இரட்டித்து, பத்தில் ஒரு பங்கைத் தள்ளிவிடுங்கள். 14-ஐ இரட்டித்தால் 28; ஏறத்தாழ 3-ஐத் தள்ளினால் 25 கிலோமீட்டர். 'ஜி' என்ற எழுத்து வந்தால் அது சூறைவீச்சு. இடையிடையே காற்று 24 நாட், அதாவது மணிக்கு 44 கிலோமீட்டர் வரை எழும்புகின்றது என்று பொருள். சராசரியைவிட 10 நாட்டோ அதற்கு மேலோ எழும்பும்போதுதான் இந்த 'ஜி'யைப் போடுகின்றார்கள். ஆகவே அந்த எழுத்தைக் கண்டால் வேறெதையும் படிக்க வேண்டாம். இயந்திரத்தைப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுவோம். 6000 என்பது எத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகின்றது என்பது. 9999 என்றிருந்தால் 10 கிலோமீட்டரோ அதற்கு மேலோ. டிரோனை இயக்குபவர் அதைத் தம் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும் ஆதலால், மார்கழிப் பனியில் இந்த எண் சில நூறுகளாகச் சுருங்கும் நாளில் பறத்தலாகாது. எஸ்.சி.டி. 018 என்பது வானத்தில் பாதி அளவுக்கு, 1800 அடி உயரத்தில் மேகம் என்பது. 31/22 என்பது வெப்பமும் பனிநிலை வெப்பமும். இவ்விரண்டும் நெருங்கி வந்தால் பனியோ மூடுபனியோ உண்டு, இலை நனைந்திருக்கும், மருந்து வழிந்துவிடும். மாறாக வெப்பம் 35-ஐத் தாண்டினால் நுண்துளி பயிரைத் தொடுமுன்னே வற்றிப் போகும். கியூ என்பது காற்றழுத்தம். அது நம் வேலைக்கு அவ்வளவாகத் தேவையில்லை.

ஆனால் மேகத்தின் எண்ணை அடுத்து 'சி.பி.' என்ற இரண்டெழுத்து வந்தால் அது இடிமேகம். 'டி.எஸ்.' என்றால் இடிமழை. இதில் நாம் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆவணி, புரட்டாசி மாலைகளில் மழை பெய்யுமுன் குளிர்ந்த காற்று ஒன்று திடீரென்று வந்து வைக்கோற்போரைக் கலைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். மழை பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே அக்காற்று நம் வயலுக்கு வந்துவிடும். நிறைந்த தொட்டியுடன் ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள ஓர் இயந்திரம் அக்காற்றில் சிக்கினால் அது விழுமிடம் வயலாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. திறந்த வயலில் கையில் கருவியுடன் நிற்பவருக்கு மின்னலாலும் ஆபத்து. இடியோசை காதில் விழுந்தால் இயந்திரத்தை இறக்கிவிட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

இனி நடக்கப்போவதைச் சொல்லும் குறிப்பும் ஒன்று உண்டு. அதை 'டாஃப்' என்கின்றார்கள். விமான நிலையத்துக்கேற்ப 9 மணியிலிருந்து 30 மணி நேரம் வரைக்கும் அது முன்னறிவிக்கும். முதல் நாள் இரவே அதைப் பார்த்து, மறுநாள் காலை எத்தனை மணிவரை காற்று அடங்கியிருக்கும் என்று அறிந்துகொண்டால், கூலியாளையும் தண்ணீர் வண்டியையும் வீணே வரவழைக்க வேண்டியதில்லை. இத்துடன், மாவட்டத்துக்கு மூன்று மணி நேரத்திற்கென வெளியிடப்படும் உடனடி எச்சரிக்கையையும், செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிவுரையையும் சேர்த்துப் பார்ப்பது நலம். மின்னலுக்கு 'தாமினி' என்றொரு செயலியும் உண்டு.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு பெரியவர் நம்மிடம், "விமான நிலையம் இருப்பதோ நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே அடிக்கிற காற்று என் வயலில் அடிக்குமா?" என்று முன்பொருமுறை கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே காற்றை அளப்பது 10 மீட்டர் உயரக் கம்பத்தில், திறந்தவெளியில். நம் வயலில், தென்னந்தோப்பின் மறைவில், பயிர் மட்டத்தில் காற்று குறைவாக இருக்கும். தோப்பின் முனை தாண்டியதும் திடீரென்று கூடும். கடற்கரைப் பக்கத்து ஊர்களில் நண்பகலுக்கு மேல் கடற்காற்று புகுந்து திசையையே மாற்றிவிடும். பாலக்காட்டுக் கணவாயை நோக்கியிருக்கும் கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தாருக்கும், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களை அடுத்துள்ளோருக்கும் ஆனி முதல் ஆவணி வரை வீசும் காற்றைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. அவர்கள் ஊரில் காற்றாலைகளே சாட்சி. ஆகவே விமான நிலையக் குறிப்பைப் பார்த்தபின் வயலில் நின்று நாமும் பார்க்க வேண்டும். கையடக்கமான காற்றுமானி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றது. அதுவும் இல்லையேல், மூங்கில் கழியில் ஒரு துணி நாடாவைக் கட்டி வரப்பில் நட்டுவையுங்கள்.

காற்றே இல்லாத நேரம் மிக நல்லதல்லவா என்று எண்ணத் தோன்றும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விடியற்காலையில் அடுப்புப் புகை மேலே எழாமல் கூரை மட்டத்தில் படுத்துக் கிடந்தால், தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன்மேல் சூடான காற்றும் நிற்கின்றன என்று அறிக. அவ்வேளையில் நுண்துளி கீழே இறங்காமல் புகைபோலவே மிதந்து, மெல்ல நகர்ந்து எங்கோ போய்ச் சேரும். புகை மேலெழத் தொடங்கி, இலை சற்றே அசையும் வேளைதான் தெளிப்புக்கு ஏற்றது. நம் பகுதியில் அது பெரும்பாலும் சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்குப் பின் தொடங்கி, 9 மணிக்குள் முடிந்துவிடுகின்றது. ஆடியில் இன்னும் முன்னதாகவே முடிந்துவிடும்.

வானிலையோடு வான்வெளியையும் பார்க்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி நாடு முழுவதும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்வெளி பிரிக்கப்பட்டிருக்கின்றது. பச்சையில் 400 அடி வரை முன் அனுமதியின்றிப் பறக்கலாம். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அனுமதி தேவை. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதை அப்பக்கத்து விவசாயிகள் நினைவில் கொள்ள வேண்டும். 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் உங்கள் வயலின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருமணத்துக்குப் படம் எடுக்கும் தம்பிமார்களும் இதைக் கேட்டுக்கொண்டால் நல்லது. அவர்கள் எந்த நிறத்தையும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

ஊராட்சி உறுப்பினர்களிடம் நாம் கேட்பது இரண்டே. ஊராட்சி அலுவலக வாசலில் ஒரு கரும்பலகை வேண்டும். அதில் மறுநாள் யார் வயலில், எந்த மருந்து, எத்தனை மணிக்குத் தெளிக்கப்படும் என்பதை முதல் நாள் மாலையே எழுதிவிட வேண்டும். சுற்றியுள்ள வயல்காரர்களுக்கு, குத்தகைதாரர் உட்பட, வாய்மொழியாகவும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, விமானி "இன்று முடியாது" என்று சொன்னால் அதுவே முடிவாக இருக்க வேண்டும். வயலுக்குரியவரோ, தலைவரோ, நம்மைப் போன்ற அலுவலரோ அவரை வற்புறுத்தலாகாது. அந்தச் சகோதரி "காற்று ஏறுகின்றதே" என்று சொன்னபோது அவர் அறிந்தே சொன்னார். நாம்தான் அவர் பேச்சைத் தாண்டிப் போனோம்.

அவர் சில மாதங்கள் இயந்திரத்தைத் தொடவில்லை. பிறகு குழுவினர் வற்புறுத்தியதன் பேரில் மீண்டும் வந்தார். இப்போது அந்த ஊராட்சியின் கரும்பலகையில் நாள்தோறும் காலை 6 மணிக்குத் திருச்சிக் குறிப்பைத் தமிழில் பெயர்த்து எழுதிவைப்பவர் அவரே. பருத்தி இழந்த தாயார் அவ்வழியே போகும்போது அதைப் படித்துவிட்டுத்தான் போகின்றார். சில நாள்களில் உள்ளே எட்டிப் பார்த்து, "பலகையில் எட்டு என்று போட்டிருக்கிறாய், வாய்க்கால் கரையில் அதைவிட அதிகம் அடிக்கிறதே" என்று திருத்தமும் சொல்லுகின்றாராம்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. இம்முகாம் முடிந்தவுடன் பின்புற வயலில் டிரோன் தெளிப்பைச் செய்து காட்டுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருந்தோம். சற்று முன் பார்த்த குறிப்பில் காற்று 260 திசையிலிருந்து 13 நாட். வரப்பில் நட்டிருக்கும் நாடாவை நீங்களும் சன்னல் வழியே பார்க்கலாம். ஆதலால் இன்று செய்து காட்டுவதற்கில்லை. நாளைக் காலை 7 மணிக்கு அதே வயலில் கூடுவோம். பார்வையிட வரும் பெரியோர்களுக்கும் அந்த நேரத்தையே தெரிவித்திருக்கின்றோம். தொட்டியில் நாளை வெறும் தண்ணீர்தான் இருக்கும்.